மண்பானை ஏன் குளிர்கிறது, தகரக் கொட்டில் ஏன் சுடுகிறது? வெப்பத்தைப் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க

கிளிநொச்சி மாவட்டத்துத் தர்மபுரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் தரம் 6 படிக்கிறான். வெப்பம் பற்றிய பாடம் நடக்கிறது. வரைவிலக்கணத்தைப் பாடமாக்கிவிட்டான், ஆனால் விளங்கவில்லை. "இவ்வளவு வெயிலுக்கும் மண்பானைத் தண்ணி எப்பிடி அம்மா குளிருது? எங்கட தகரக் கொட்டில் மட்டும் ஏன் இப்பிடிச் சுடுது?" என்று கேட்கிறான். பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட வசதி போதாது, வீட்டில் உள்ள சாமான்களை வைத்து எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் அவருடைய கேள்வி.

தங்கச்சி, உங்கள் மகன் கேட்ட இரண்டும் வெப்பவியலின் நடுவில் நிற்கிற கேள்விகள். வரைவிலக்கணத்தைக் கொஞ்ச நாள் ஒரு பக்கம் வையுங்கள். எதைப் பார்த்தாலும் ஒன்றைக் கேட்கப் பழக்குங்கள்: வெப்பம் எங்கேயிருந்து எங்கே போகிறது? சூடான பொருளிலிருந்து குளிரான பொருளுக்குத்தான் அது தானாகப் போகும். மார்கழி மாதத்தில் "குளிர் உள்ளே வருகிறது, கதவைச் சாத்து" என்கிறோம். உண்மையில் உள்ளே வருவதற்குக் குளிர் என்று தனியாக ஒன்று இல்லை, எங்கள் உடம்பிலும் வீட்டிலும் இருக்கிற வெப்பம் வெளியே போகிறது. ஐஸ்கட்டியைக் கையில் வைத்தாலும் அதேதான், கையின் வெப்பம் ஐஸுக்குள் போகிறது. இந்த ஒன்று பிள்ளைக்குப் பிடிபட்டால் மிச்சம் தானாக வரும்.

அடுத்ததாகப் பிரித்துக் காட்ட வேண்டியது வெப்பத்தையும் வெப்பநிலையையும். ஒட்டுவேலைக் கடையில் கிரைண்டர் பிடிக்கும்போது தெறிக்கிற இரும்புப் பொறியின் வெப்பநிலை ஆயிரம் பாகை செல்சியஸைத் தொடும். கையில் பட்டால் எறும்பு கடித்த அளவுக்குத்தான் இருக்கும் (கண்ணில் பட்டால் கதை வேறு, பிள்ளையைக் கிட்ட விடவேண்டாம்). ஒரு அகப்பை கொதிநீரின் வெப்பநிலை 100 பாகைதான், ஆனால் கையில் ஊற்றுப்பட்டால் தோல் கழன்றுவிடும். பொறி மிகச் சூடானது, ஆனால் மிகச் சிறியது, அதனால் அது கொடுக்கக்கூடிய வெப்பமும் கொஞ்சம். வெப்பநிலை என்பது எவ்வளவு சூடு என்று சொல்கிறது. வெப்பம் என்பது அந்தச் சூட்டினால் எவ்வளவு சக்தி கைமாறுகிறது என்பதைச் சொல்கிறது. ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை 1 பாகை கூட்ட ஏறத்தாழ 4200 யூல் சக்தி வேண்டும் (யூல் என்பது சக்தியை அளக்கிற அலகு). இந்த எண்ணை மகன் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும், கீழே கணக்குப் பார்க்க உதவும்.

கையை வெப்பமானி என்று நம்பக்கூடாது என்பதையும் காட்டிவிடுங்கள். விடியற்காலையில் மேசையின் பலகையையும் அதன் இரும்புக் காலையும் தொடச் சொல்லுங்கள். இரும்பு குளிரும், பலகை குளிராது. இரண்டும் இரவு முழுக்க ஒரே அறையில் கிடந்தவை, இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். இரும்பு நல்ல கடத்தி, கையின் வெப்பத்தை விரைவாக வாங்கிக்கொண்டு போகிறது. பலகை காவலி, மெதுவாகத்தான் வாங்கும். எவ்வளவு வேகமாக வெப்பம் போகிறது என்பதைத்தான் கை உணர்கிறது.

இதற்குப் பிறகு, "அப்ப வெப்பம் எண்டா என்ன?" என்று கட்டாயம் கேட்பான். ஒரு கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த தண்ணீர், இன்னொன்றில் சுடுதண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு தேயிலைப் பை. கலக்கவேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சுடுதண்ணீரில் சாயம் மளமளவென்று பரவும், மற்றதில் அசைந்து அசைந்துதான் இறங்கும். தண்ணீரின் மூலக்கூறுகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சூடாக இருந்தால் வேகமாக ஓடுகின்றன. வெப்பநிலை என்பது அந்த ஓட்டத்தின் அளவு. முன்னொரு காலத்தில் வெப்பம் என்பது பொருட்களுக்குள் ஒளிந்திருக்கிற ஒருவகைப் பாய்மம் என்று அறிஞர்களே நம்பினார்கள். 1798 இல் கவுண்ட் ரம்ஃபோர்ட் என்பவர், மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய் துளைக்கும் வேலையைக் கவனித்து இதை எதிர்த்து எழுதினார். துளையிடும் கருவியைக் குதிரை சுற்ற, அதைச் சூழ்ந்திருந்த தண்ணீர் நெருப்பே இல்லாமல் இரண்டரை மணித்தியாலத்தில் கொதித்தது. தேய்க்கத் தேய்க்க வெப்பம் வந்துகொண்டே இருந்தது, தீர்ந்துபோகவில்லை. உள்ளே ஒளிந்திருந்த பாய்மம் என்றால் எப்போதாவது தீர்ந்திருக்க வேண்டுமே. உள்ளங்கைகளைத் தேய்த்துப் பார்க்கச் சொல்லி இந்தக் கதையைச் சொல்லுங்கள், மறக்கமாட்டான்.

சரி, மண்பானைக்கு வருவோம். இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுக்கப்போகிறேன், ஏனென்றால் இதில் விளங்குகிற விஷயம் வேறு பல இடங்களில் உதவும்.

பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அதன் வழியே தண்ணீர் கசிந்து வெளிப்புறத்தை நனைக்கிறது. அந்த ஈரம் காற்றில் ஆவியாகிறது. ஆவியாகிப் போகிறவை எந்த மூலக்கூறுகள்? மிக வேகமாக ஓடுகிறவை. ஒரு வகுப்பில் வேகமாக ஓடுகிற பிள்ளைகளை மட்டும் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டால், வகுப்பில் மிஞ்சுகிறவர்களின் சராசரி வேகம் குறைந்துவிடும் அல்லவா? அதுபோலத்தான், மிஞ்சுகிற தண்ணீரின் வெப்பநிலை இறங்குகிறது. இப்படி ஆவியாவதற்குத் தேவைப்படும் சக்தியை மறைவெப்பம் என்கிறோம். 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இதை அளந்து காட்டினார். எங்கள் ஊர் வெப்பநிலையில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2400 யூல் வேண்டும்.

இப்போது கணக்கு. பானையில் 10 லீற்றர் தண்ணீர் இருக்கிறது. அதன் வெப்பநிலை 1 பாகை இறங்க 42,000 யூல் வெளியேற வேண்டும். வெறும் 100 மில்லிலீற்றர், அதாவது அரைக் குவளை, வெளிப்புறத்தில் ஆவியானால் 2,40,000 யூல் போய்விடும். வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராவிட்டால், மிச்சத் தண்ணீர் முழுவதும் ஐந்தரைப் பாகைக்கு மேல் குளிர்ந்துவிடும். மின்சாரம் எதுவும் இல்லாமல் நடக்கிற வேலை இது. உண்மையில் வெளிக்காற்றிலிருந்து வெப்பம் உள்ளே வந்துகொண்டும் இருக்கும், அதனால் ஓரிடத்தில் குளிர்தல் நின்றுவிடும். எந்த இடத்தில் என்பது காற்றின் ஈரப்பதனைப் பொறுத்தது. 35 பாகை வெயிலில், ஈரப்பதன் 50 வீதமாக இருந்தால், பானை நல்ல நிலையில் 26 பாகை அளவை நெருங்கலாம். மாரிகாலத்தில் 30 பாகையும் 85 வீத ஈரப்பதனும் இருக்கும்போது இரண்டு பாகை இறங்கினாலே பெரிய விஷயம். அதனால்தான் வன்னியில் ஆனி, ஆடியில் வரண்ட சோழகக் காற்று வீசும்போது பானைத் தண்ணீர் அவ்வளவு குளிர்கிறது. மழைக்காலத்தில் அதே பானை ஏமாற்றிவிடும்.

இதிலிருந்தே பானையை எங்கே வைப்பது என்றும் தெரிந்துவிடும். நிழலில், காற்றுப்படுகிற திண்ணையில், ஈர மணல் மேல். அடுக்களை மூலையில் காற்றில்லாமல் வைத்தால் பாதிப் பயனும் இல்லை. அழகுக்காக வெளியே வர்ணம் பூசிய பானையில் துளைகள் அடைபட்டுவிடும், அது வெறும் பாத்திரம். பழைய பானையில் பாசியும் உப்பும் படிந்து அடைத்தாலும் அப்படித்தான், தும்பால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிடுங்கள்.

பானை வாங்கவும் வேண்டாம், பரிசோதனைக்கு இரண்டு போத்தல் போதும். இரண்டிலும் ஒரே கிணற்றுத் தண்ணீர். ஒன்றில் ஈரத்துணி சுற்றி, துணியின் நுனியை ஒரு கிண்ணத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். மற்றதைச் சும்மா வையுங்கள். நிழலில், காற்றில் ஒரு மணித்தியாலம். பிறகு குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அளக்க ஆசைப்பட்டால் ஆய்வுகூட வெப்பமானியைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கிற வெப்பமானி இதற்கு உதவாது. அது 35 முதல் 42 பாகை வரைதான் காட்டும், சுடுதண்ணீரில் வைத்தால் வெடித்துவிடும், உள்ளே பாதரசம் இருந்தால் அது நஞ்சு.

இதே விஞ்ஞானத்தை 1990களில் நைஜீரியாவில் மொகமட் பா அப்பா என்ற ஆசிரியர் மரக்கறிக்குப் பயன்படுத்தினார். பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரச்சாக்கு. உள்ளே வைத்த கத்தரிக்காயும் தக்காளியும் பல நாட்கள் வாடாமல் இருந்தன. வட நைஜீரியாவும் வரண்ட இடம். எங்கள் சோழகக் காலத்துக்கு இது நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். தோட்டம் செய்கிற வீடுகளில் பிள்ளைகளே செய்து பார்க்கலாம்.

வியர்வையும் பானை செய்கிற வேலையைத்தான் செய்கிறது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், வழிந்து நிலத்தில் சொட்டினால் பயனில்லை. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் நாளில் 33 பாகை கூட ஆபத்தாவது இதனால்தான். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்தக் காலத்தை ஒட்டி வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை வெளியிடும்போது வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்தே பார்க்கிறார்கள். அந்த நாட்களில் விளையாட்டுப் பயிற்சியைக் காலை வேளைக்கு மாற்றச் சொல்லிப் பெற்றோர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

அடுத்தது தகரக் கொட்டில். 2010க்குப் பிறகு மீள்குடியேறிய எங்கள் சனத்தில் எத்தனையோ குடும்பம் இதற்குள் பல வருடம் வாழ்ந்தது, இன்றும் வாழ்கிறது. பிள்ளைகள் அதற்குள்தான் படித்தார்கள். இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்.

நடுப்பகலில் தெளிந்த வானத்தில் ஒரு சதுர மீற்றர் கூரையில் ஏறத்தாழ 1000 வாற்று சூரிய சக்தி விழுகிறது. புதுத் தகரம் பளபளப்பாக இருப்பதால் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். துருப்பிடித்த தகரம் பெரும்பகுதியை உள்ளே எடுத்துக்கொள்ளும். தகரம் மெல்லியது, உலோகம், அதனால் மேல்பக்கச் சூடு அப்படியே கீழ்ப்பக்கத்துக்கு வந்துவிடும். பிறகு அந்தச் சூடான தகரம் கீழே இருக்கிறவர்களின் தலை மேல் கதிர்வீசும். வெயிலே உள்ளே வராவிட்டாலும் தலை எரிவது இந்தக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களால். மின்விசிறி போட்டாலும் ஆறாது, ஏனென்றால் கதிர்வீசலைக் காற்று தடுக்காது.

கிடுகுக் கூரையும் பனையோலைக் கூரையும் ஏன் குளிர்மை? ஓலை அடுக்குகளுக்கு நடுவில் அசையாத காற்று நிறைய அடைபட்டிருக்கிறது. அசையாத காற்று மிக நல்ல காவலி. மேல் ஓலை சுட்டாலும் கீழ் ஓலைக்கு அந்தச் சூடு வந்துசேர நேரம் எடுக்கும். ஆகவே தகரத்தைக் கழற்ற முடியாத வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. தகரத்துக்கு மேல் கிடுகு பரப்பலாம். அல்லது கீழே ஒரு முழம் இடைவெளி விட்டுக் கிடுகுத் தட்டியோ பாயோ கட்டலாம், தலைக்கு நேரே வருகிற கதிரை அது மறிக்கும். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் முகட்டை ஒட்டி இரண்டு பக்கச் சுவரிலும் திறப்பு விடலாம், அந்தக் காற்று வெளியேறிவிடும். கூரையின் வெளிப்பக்கத்துக்கு வெள்ளை பூசுவதும் உதவும். இவற்றில் எது முதலில் என்று கேட்டால், கீழே கட்டுகிற தட்டி என்பேன். செலவு குறைவு, வித்தியாசம் அன்றைக்கே தெரியும். தீ பிடிக்கும் என்பதால் அடுப்புக்கு மேலே மட்டும் கட்டவேண்டாம்.

இரவில் இதே தகரம் தலைகீழாக நடந்துகொள்ளும். திறந்த வானத்தை நோக்கிக் கதிர்வீசி வெளிக்காற்றை விடவும் குளிர்ந்துவிடும். தை மாத விடியலில் தகரத்தின் அடியில் நீர்த்துளி கோத்துச் சொட்டுவது அதனால்தான், கூரையில் ஓட்டை தேடவேண்டாம். சீமெந்துச் சுவர் வேறு விதம். பகல் முழுக்க வெப்பத்தைச் சேமித்து இரவில் விடுகிறது, கல்வீடு இருந்தும் இரவில் முற்றத்தில் பாய் போடுகிற ஆட்களுக்கு அது தெரியும்.

இதைக் காட்ட இரண்டு பால்மா ரின் எடுங்கள். ஒன்றுக்கு வெளியே அடுப்புக்கரி குழைத்துப் பூசுங்கள், மற்றதற்குச் சுண்ணாம்பு. ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒரே வெயிலில் வையுங்கள். கறுப்பு ரின் தண்ணீர் முந்திச் சூடாகும். பிறகு அதே ரின்களுக்குள் ஒரே அளவு சுடுதண்ணீர் ஊற்றி நிழலில் வைத்து, எது முந்தி ஆறும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் கறுப்புத்தான் சூட்டை வைத்திருக்கும் என்பார்கள். பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே ஆறிவிடும். வெயிலின் ஒளியை உறிஞ்சும்போதுதான் கறுப்புக்கும் வெள்ளைக்கும் பெரிய வித்தியாசம். ரின் வெளியே விடுகிற வெப்பக்கதிர் கண்ணுக்குத் தெரியாதது, அந்தக் கதிருக்குக் கரியும் சுண்ணாம்பும் ஒன்றுதான். வெறும் பளபளப்பான ரின் ஒன்றையும் பக்கத்தில் வைத்தால் அது இரண்டை விடவும் மெதுவாக ஆறும்.

அடுக்களைக்குள் நுழைந்தால் பாடம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால் கச்சான் கடையில் மணலில் வறுப்பதைப் பிள்ளை பார்த்திருப்பான். வெறும் சட்டியில் போட்டால் கச்சானின் அடி மட்டும் சட்டியைத் தொடும், அந்த இடம் கருகும், மற்றப் பக்கம் பச்சையாக இருக்கும். சுடுமணல் எல்லாப் பக்கமும் தொட்டு வெப்பத்தைச் சமமாகக் கொடுக்கிறது. அலுமினியம் களிமண்ணை விட நூறு மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் அலுமினியச் சட்டி விரைவில் சுடும், விரைவில் ஆறும். மண்சட்டிக் குழம்பு அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் கொதிக்கும்.

விறகு மிச்சம் பிடிக்கவும் ஒரு விஷயம். திறந்த பானையில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கத் தொடங்கிவிட்டால், எவ்வளவு விறகு தள்ளினாலும் அதற்கு மேல் சூடாகாது. கூடுதல் நெருப்பு தண்ணீரை ஆவியாக்கத்தான் போகிறது. சோறு கொதித்ததும் கொதி அடங்காத அளவுக்கு விறகைக் குறைத்து மூடி போட்டால் அதே நேரத்தில் வெந்துவிடும்.

தண்டவாள இடைவெளி பாடப்புத்தகத்திலேயே இருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். இரும்பு சூட்டில் நீளும். 10 மீற்றர் தண்டவாளம் விடியலில் 25 பாகையிலும் மத்தியானம் 55 பாகையிலும் இருந்தால் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீற்றர் நீளும். மாட்டுவண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டத்தை நெருப்பில் பழுக்கவைத்து மாட்டி, தண்ணீர் ஊற்றி இறுக்குவதும் இதே விதிதான். இறுகிப்போன ஜாம் போத்தல் மூடியைச் சுடுதண்ணீரில் பிடித்துத் திறந்து காட்டுங்கள், அது போதும்.

முல்லைத்தீவுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் கடற்கரையில் மத்தியானமும் ஒருமுறை, இருட்டிய பிறகும் ஒருமுறை வெறுங்காலோடு நடக்கவிடுங்கள். ஒரு கிலோ மணல் 1 பாகை சூடாக, தண்ணீருக்கு வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பமே போதும். ஆகவே பகலில் தரை முந்திச் சுடுகிறது, அதன் மேலுள்ள காற்று ஏறுகிறது, கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. இரவில் தரை முந்தி ஆறுகிறது, காற்று தரையிலிருந்து கடலுக்குத் திரும்புகிறது. பாய் கட்டித் தொழிலுக்குப் போன காலத்தில் இந்தத் தரைக்காற்றைப் பிடித்துத்தான் விடியமுன் கடலுக்கு இறங்கினார்கள்.

ஆனையிறவைத் தாண்டும்போது உப்பளத்தைக் காட்டி ஒரு கணக்குக் கொடுங்கள். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு கிலோ உப்புக்கு ஏறக்குறைய 30 லீற்றர் தண்ணீர் ஆவியாக வேண்டும், அதாவது ஏழு கோடி யூலுக்கு மேல். காய்ந்த விறகு கிலோவுக்கு ஒன்றரைக் கோடி யூல் அளவில் தரும். ஒரு துளி வெப்பமும் வீணாகாத அடுப்பு இருந்தால் கூட ஒரு கிலோ உப்புக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். வெயிலும் காற்றும் அதைச் சும்மா செய்து தருகின்றன.

கடைசியாக, ஆனால் பரிசோதனை தொடங்கமுன் சொல்லவேண்டியவை. புட்டு அவிக்கும்போது பானையிலிருந்து நீத்துப்பெட்டியைப் பிள்ளை எடுக்கக்கூடாது. ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டு ஆறும்போது கொடுப்பது 260 யூல் அளவு. ஒரு கிராம் கொதிநீராவி தோலில் படிந்து நீராகி ஆறும்போது 2500 யூலுக்கு மேல் கொடுக்கும். பார்வைக்கு வெறும் புகை மாதிரி இருப்பதால் பிள்ளைகள் பயப்படமாட்டார்கள். மூடிய ரின், மூடிய போத்தல் எதையும் சூடாக்கவேண்டாம், உள்ளே காற்றும் நீராவியும் விரிந்து வெடிக்கும்.

போர் நடந்த எங்கள் மண்ணுக்கென்று இன்னொன்று இருக்கிறது. பரிசோதனைக்கு ரின், இரும்புத்துண்டு, குழாய் தேடுகிற பிள்ளை காணியிலும் பற்றைக்குள்ளும் தேடுவான். சாமானை வீட்டிலிருந்து நீங்களே எடுத்துக் கொடுங்கள். கிடந்தெடுத்த எந்த உலோகத்தையும் அடுப்பில் வைக்கவோ வெயிலில் காயவைக்கவோ விடாதீர்கள். வெடிமருந்து இருக்கிற பொருள் வெப்பத்தில் எத்தனை வருடம் கழிந்தும் வெடிக்கும். குப்பை கொளுத்தும்போது நிலத்துக்குள் கிடந்தது வெடித்த சம்பவங்கள் வன்னியில் நடந்திருக்கின்றன. புதிதாகத் துப்புரவாக்கிய காணியில் குப்பையைக் குவித்து எரிக்காமல் இருப்பது நல்லது, எரிக்கிற இடத்துக்குப் பிள்ளைகள் கிட்ட வரவே கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, கிராம அலுவலருக்கோ 119 இல் பொலிசுக்கோ சொல்லுங்கள்.